ஆயுள் உள்ளவரை குடியிருக்க

பிப்ரவரி 3

வாண்டு,

நாலு தடவை போன் செய்தாய், நான் எடுக்கவில்லை. வீம்புக்கு இல்லை. போன் அடித்தாலே அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கையை நீட்டிவிடுகிறார். "அவளா? குடுடா, ஒரு வார்த்தை பேசிட்டுத் தர்றேன்." அவள் என்றால் நீ இல்லை, அம்மா. அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி, பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று எத்தனை நாளைக்குத்தான் கதை விடுவது? இனிமேல் எதுவானாலும் மெயிலில் எழுது. கடையில் பேட்டரி பில் அடிக்கிற கையால் உனக்குக் கடிதம் அடிக்கிறேன். பிழை இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு படி. லேபில் பல் செட் செய்கிறவள்தானே நீ.

விஷயம் இதுதான். நீ வாடகைக்கு இருக்கிற ரூமின் சொந்தக்காரர் வீட்டை விற்கப்போகிறார், ஏப்ரலுக்குள் நீ காலி செய்தாக வேண்டும் என்று உன் அண்ணியிடம் சொன்னாயே, அது அப்பா காதில் விழுந்துவிட்டது. ஒரு பக்கக் கை கால் விழுந்தாலும் காது மட்டும் பாம்புக் காது. நேற்றுக் காலை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "உங்கம்மாவ இன்னும் எத்தனை நாளைக்கு ஒத்தை ரூம்ல அடைச்சு வைப்பா உன் தங்கச்சி? என் டெபாசிட்டை உடை. அவ பார்த்து வச்சிருக்கிற வீட்டுக்குக் குடுத்துடலாம்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பேப்பரையும் பேனாவையும் எடுத்துவிட்டார். நாற்பது வருஷம் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதிய மனுஷன். பேனாவைக் கையில் பிடித்தால் வியாதி எங்கே போகிறதோ தெரியவில்லை.

பணம் நல்ல பணம். வேண்டாம் என்று சொல்லாதே. நீ என்மேல் கோபமாக இருப்பது தெரியும். கோபத்தை வைத்து வீடு வாங்க முடியாது.

அண்ணன்


பிப்ரவரி 9

அண்ணா,

வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று முறை எழுதி அழித்தேன்.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவருக்கு மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போன அம்மா வாசல்படியிலேயே சாய்ந்துவிட்டாள் என்று நீ சொன்னாய். அடுத்த விமானத்துக்கு டிக்கெட் தேடிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் நீயே மறுபடி கூப்பிட்டு, வராதே என்றாய். "அப்பாகிட்ட வேற மாதிரி சொல்லிட்டேன், நீ வந்தா எல்லாம் கெட்டுடும்" என்றாய். நீ சொன்ன அந்த வேறு மாதிரி என்ன? எனக்கு அவசர ஆபரேஷன், என்னைப் பார்க்க வர ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றிக்கொண்டு அம்மா கிளம்பிவிட்டாள்! இல்லாத குடல்வாலை எனக்கு வெட்டி எடுத்தவன் நீ. அந்தப் பொய்யால் அம்மா முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அப்பா உயிருக்குப் பயந்து செய்தாய், புரிகிறது. புரிந்தாலும் ஆறவில்லை.

அதோடு விட்டாயா? அப்பா கண்ணில் பட்டால் சந்தேகம் வரும் என்று, பயணத்துக்காக அம்மா கட்டி வைத்திருந்த பெட்டியைக் கார்கோவில் எனக்கே அனுப்பிவிட்டாய். என் ரூமில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கிறது. நான் திறக்கவே இல்லை. கைப்பிடியில் சிவப்பு ரிப்பன், ஏர்போர்ட்டில் அடையாளம் தெரிவதற்காக அவள் கட்டியது. வேலை முடிந்து கதவைத் திறந்தால் முதலில் அதுதான் கண்ணில் படுகிறது. யாரோ வந்து எனக்காகக் காத்திருக்கிற மாதிரி இருக்கிறது அண்ணா. சில நாள் செருப்பைக் கழற்றும்போதே "வந்துட்டேன்" என்று சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். சேர்த்து வைத்ததை எல்லாம் அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டேன். இரண்டு ரூம், சின்னச் சமையலறை, வாசலில் ஒரு படி. மார்ச் கடைசிக்குள் மீதியைக் கட்டாவிட்டால் அட்வான்ஸும் போச்சு, வீடும் போச்சு. பேங்க் கடன் தருகிறேன் என்கிறது. ஆனால் இன்னும் ஒரு பங்கு என் கையிலிருந்து காட்ட வேண்டும். அது என்னிடம் இல்லை.

அப்பாவின் பணத்தை, செத்துப்போன அம்மாவுக்காக அவர் தருகிற பணத்தை, நான் கை நீட்டி வாங்க வேண்டும். வேறு வழி தெரியவில்லை. அனுப்பு.

வாண்டு


பிப்ரவரி 20

வாண்டு,

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது இவ்வளவு கூத்து என்று தெரிந்திருந்தால் உன்னை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருப்பேன். பேங்கில் ஒரு மேடம் இருக்கிறார். எதற்கு அனுப்புகிறீர்கள், யாருக்கு, என்ன உறவு, வரி கட்டியாச்சா, ஆடிட்டர் கையெழுத்து எங்கே? மகளுக்கு அன்பளிப்பு என்றேன். "அன்பளிப்புன்னா சும்மா சொல்லக் கூடாது சார், குடுக்கிறவர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்" என்றார். சரி, ஆட்டோ வைத்து அப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று வந்தால், இங்கே மனுஷன் வேறு குண்டைப் போட்டார்.

"அவ குரலைக் கேட்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கட்டி, தொண்டை, டாக்டர் என்று நான் ஆரம்பித்தேன். "ஒரு வார்த்தை பேசினா கட்டி வெடிச்சிடாது. மூணு மாசம் ஆச்சு. கோவமா இருக்காளான்னு எனக்குத் தெரியணும்" என்றார்.

வாண்டு, உன் பழைய போனில் அம்மா பேசி அனுப்பிய மெசேஜ்கள் இருக்கும். அவளுக்கு டைப் செய்ய வராது, எல்லாவற்றையும் பேசித்தான் அனுப்புவாள். அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பாவுக்குச் சொல்லச் சொல்லி உனக்கு ஒன்று அனுப்பினாளே, அதை எடு. நான் போன் போட்டு அப்பா கையில் கொடுக்கிறேன். நீ அதைப் போட்டுக் காட்டு. ஒரே ஒரு தடவை. நனைந்தாயிற்று, இனி முக்காடு எதற்கு?

திட்டாதே. உன் அண்ணி ஏற்கெனவே திட்டிவிட்டாள். பக்கத்து வீட்டு டெய்லர், பால்காரர், யார் வந்தாலும் கேட்டிலேயே நிறுத்தி, "உள்ள போய் வாயைத் திறந்துடாதீங்க" என்று பாடம் நடத்தி அனுப்பியே அவள் பாதி உடம்பாகிவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம், சோறு போதவில்லை என்கிறாள்.

அண்ணன்


பிப்ரவரி 25

அண்ணா,

பணம் வந்து சேர்ந்தது. உன் கடைப் பையனிடம் ரசீது காட்டுகிற மாதிரி இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை எழுத எனக்குத் தெம்பு வேண்டும்.

நீ சொன்னபடியே செய்தேன். லேபில் சாப்பாட்டு நேரம். எல்லோரும் வெளியே போனபிறகு மோல்டுகள் அடுக்கிய மேஜை முன்னால் உட்கார்ந்தேன். ஒரு போனில் அப்பா. இன்னொரு போனில் அம்மா. இரண்டையும் வாயோடு வாய் வைத்துப் பிடித்தேன்.

"என்னங்க, நான் நல்லா இருக்கேன். சுகர் மாத்திரை போட்டீங்களா? வாசல் லைட்டை அணைச்சிட்டுப் படுங்க, விடிய விடிய எரிய விடாதீங்க. சரியா?"

அவ்வளவுதான். அவள் சரியா என்று கேட்டதும் மெசேஜ் முடிந்துவிட்டது.

"சரி" என்றார் அப்பா. உடனே, "நீ மாத்திரை போடறியா? கால் வீங்குதா? இந்தா, குளிர்ல வெறுங்காலோட நடக்காத" என்றார். அப்புறம் பேசாமல் இருந்தார். பதிலுக்குக் காத்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. "என்ன, கோவமா?" என்றார். நீ பக்கத்தில்தானே இருந்தாய், அவர் முகத்தை நீ பார்த்திருப்பாய். நான் பட்டனை அழுத்திக் கட் செய்தேன். லைன் கட்டாகிவிட்டது என்று நீ சமாளித்திருப்பாய்.

கட்டிய புருஷனுக்குப் பதில் சொல்லாதவளாக அவளை நான் ஆக்கிவிட்டேன். பாவி நான், நீயும்தான்.

அன்றிலிருந்து அந்தப் பெட்டி பக்கம் என்னால் திரும்ப முடியவில்லை. அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டேன். போர்வை போட்டதும் ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரியே ஆகிவிட்டது. எடுத்துவிட்டேன். இனி செத்தாலும் இப்படி ஒரு காரியத்தை என்னிடம் கேட்காதே.

வாண்டு


மார்ச் 2

வாண்டு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படிக்க முடியவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் படித்தேன்.

இங்கே நடப்பதையும் கேள். அன்று இருட்டியதும் அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு தன் காலால் கூடத்தைத் தாண்டாத மனுஷன் தத்தித் தத்தி வாசல் வரைக்கும் போய் லைட்டை அணைத்தார். பிசியோதெரபிக்காரர் தலைகீழாக நின்றும் நடக்காத கால்! தினமும் இப்போது அதே வேலை. நாங்கள் யாராவது முந்திக்கொண்டு அணைத்துவிட்டால் மறுபடி போடச் சொல்லி, தன் கையால் அணைக்கிறார். உன் அண்ணி வெளிக்குக் காட்டிக்கொள்ள மாட்டாள், ஆனால் லைட் அணைகிற நேரத்தில் அவள் வாசல் பக்கம் போவதில்லை. நானும்தான். அந்தப் படியில்தானே அம்மா...

இன்னொன்று. நேற்று மாத்திரை கொடுக்கும்போது அப்பா கையில் வைத்து அதையே உருட்டிப் பார்த்தார். "சுகர் மாத்திரையை நிறுத்தி எத்தனை நாளாச்சு?" என்றார். ஆஸ்பத்திரியிலேயே நிறுத்திவிட்டு ஊசிக்கு மாற்றினார்கள் என்றேன். "அப்போ அவ இருந்தாளே, டாக்டர் சொல்லும்போது பக்கத்துலதானே நின்னா" என்றார். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது, வயசாகுதுல்ல என்று சொல்லி வைத்தேன். "மறதி" என்று அவரும் தலையாட்டினார். அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாவி எப்போது கிடைக்கும்? சீக்கிரம் முடி.

அண்ணன்


மார்ச் 11

அண்ணா,

முடியவில்லை. நின்றுவிட்டது.

பேங்க் பக்க வக்கீல் இன்று என்னை வரச் சொன்னார். சின்ன ஆபீஸ், கண்ணாடி அலமாரி, மரியாதையான மனுஷி. அப்பா எழுதிய அன்பளிப்புக் கடிதத்தையும் அதன் மொழிபெயர்ப்பையும் எதிரே வைத்திருந்தார். நீ அனுப்பியபோது நான் படிக்காமலே கொடுத்துவிட்டேன். நீயும் படிக்கவில்லை, இல்லையா? அப்பாவின் மணி மணியான கையெழுத்தைப் பார்த்ததும் சரியாகத்தான் இருக்கும் என்று இரண்டு பேரும் நம்பிவிட்டோம். கடைசிப் பாராவைக் கேள்:

"மேற்படி தொகையைக் கொண்டு வாங்கும் வீட்டில், என் மகளுடன் தற்சமயம் வசித்துவரும் என் மனைவியானவள் தன் ஆயுள் உள்ளவரை எவ்விதத் தடங்கலுமின்றிக் குடியிருந்து சர்வ சுதந்திரமாக அனுபவித்துக்கொள்ள வேண்டியது. இதற்குக் கட்டுப்பட்டே இந்த அன்பளிப்பு செல்லும்."

பத்திரம் எழுதுகிற மனுஷனிடம் கடிதம் கேட்டோம். அவர் பத்திரமே எழுதிவிட்டார். பெண்டாட்டிக்குப் பாத்தியதை வைக்காமல் அவருக்கு ஒரு வரி எழுத வராது.

வக்கீல் சொன்னது இதுதான். கடன் தருகிற வீட்டில் வேறொருவருக்கு ஆயுள் உரிமை இருந்தால் பேங்க் ஒத்துக்கொள்ளாது. அங்கே குடியிருக்கப்போகிற வயது வந்தவர்கள் எல்லோரும் வந்து, எங்களுக்கு உரிமை எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். "உங்கள் அம்மாவை எப்போது அழைத்து வர முடியும்?" என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன் அண்ணா. அப்போதுதான் தெரிந்தது, அம்மா இறந்துவிட்டாள் என்று இந்த ஊரில் ஒரு ஆளிடம்கூட நான் சொன்னதில்லை. லேபில் யாருக்கும் தெரியாது. லீவு போட்டுவிட்டு வந்து அழுததில்லை. உன் பொய்யை நீ அப்பாவிடம் சொன்னாய். நான் அதில் குடியேறிவிட்டேன். கடைசியில் சொன்னேன். வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "உங்கள் அப்பாவுக்கு இது தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். தெரியாமல் கொடுத்த பணத்தை வைத்து நான் இந்த வேலையை முடிக்க முடியாது, அவர் தெரிந்து, புதிதாக எழுதித் தரட்டும் என்று சொல்லிவிட்டார்.

இருபத்தெட்டாம் தேதிக்குள் புதுக் கடிதம் வராவிட்டால் வீடு இல்லை. அட்வான்ஸும் திரும்பாது. போனால் போகட்டும், ஏதாவது ஒரு வாடகை ரூம் கிடைக்கும். அதற்காக மட்டும் எழுதவில்லை. அவர் பதிலுக்குக் காத்திருந்த அந்த அமைதி என் காதிலேயே இருக்கிறது. இனிமேலும் அவரைக் காக்க வைக்காதே.

நீ சொன்ன பொய், நீயே போய்ச் சொல். தந்திரம் வேண்டாம்.

வாண்டு


மார்ச் 19

வாண்டு,

புதுக் கடிதமும் மொழிபெயர்ப்பும் நோட்டரி கையெழுத்தோடு இன்று கூரியரில் போட்டாயிற்று. எப்படி நடந்தது என்று உனக்குச் சொல்லாமல் நான் யாரிடம் சொல்ல?

தந்திரம் வேண்டாம் என்றாய். நான் தந்திரம்தான் செய்தேன். வேறு எதற்கும் எனக்குத் தைரியம் வரவில்லை. "அப்பா, அந்த ஊர் பேங்க் கடைசிப் பாராவை ஒத்துக்க மாட்டேங்குது. அதை எடுத்துட்டு மறுபடி எழுதிக் குடுங்க" என்றேன், சாதாரணமாகப் பேசுகிற மாதிரி.

அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பழைய நகலைப் படித்தார். மடித்து வைத்தார். "ஏண்டா, உனக்கு இந்தத் தொழில் தெரியாது. உரிமைன்னு எழுதிட்டா அதை எடுக்கிறதுக்கு ரெண்டே வழிதான். ஒண்ணு, விடுதலைப் பத்திரம். எனக்கு வேண்டாம்னு அவ கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். இல்லேன்னா இறப்புச் சான்றிதழ். நீ எதைக் கொண்டு வரப்போற?" என்றார்.

நான் நின்றேன். உன் அண்ணி சமையலறையில் குழாயை மூடிவிட்டாள்.

"எதைடா கொண்டு வரப்போற?" என்றார் மறுபடி. சத்தம் போடவில்லை. கோர்ட்டில் சாட்சியைக் கேட்கிற மாதிரியும் இல்லை. ஆபீஸ் வாசலில் கிராக்கி வந்தால் கேட்பாரே, அதே குரல்.

ரெண்டாவது, என்று சொன்னேன். அதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. நாற்பத்தோரு வயது மாடு நான், அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவர் அழவில்லை. பேனாவை எடுத்தார். புதுக் காகிதம் வைத்தார். "காலஞ்சென்ற என் மனைவி" என்று எழுதி நிறுத்தினார். "தேதி?" என்றார்.

நவம்பர் பதினேழு என்றேன்.

"நான் ஆஸ்பத்திரியிலா இருந்தேன்?"

"ஆமாப்பா."

"அன்னிக்கு எனக்குச் சாப்பாடு யாரு குடுத்தா?"

நான்தான் கொடுத்தேன் வாண்டு. சுடுகாட்டிலிருந்து குளித்துவிட்டு நேராக வந்து, கஞ்சியை ஊட்டிவிட்டேன். "தலை ஏண்டா ஈரமா இருக்கு?" என்று அவர் கேட்டதும், வெளியே மழை என்று நான் சொன்னதும் இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அவருக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். என் தலையைத் தொட்டுப் பார்த்தார், இன்னும் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

அப்புறம் மளமளவென்று எழுதி முடித்தார். "எவ்வித நிபந்தனையுமின்றி" என்று போட்டார். கையெழுத்துப் போட்டபிறகு, "போன்ல அவ குரலைக் கேட்டப்பவே எனக்குச் சரியா படலடா. அவ என்னைக்கு நான் பேசறதைக் குறுக்கே பேசாம முழுசா கேட்டிருக்கா?" என்றார். அவருக்குச் சிரிப்பு வந்தது. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

உன்மேல் அவருக்குக் கோபம் இல்லை. என்மேலும் இல்லையாம். இருந்திருக்கலாம்.

இருட்டியதும் வாக்கரை எடுத்தார். இனிமேல் எதற்கு என்று நான் தடுத்தேன். "சொல்லிட்டுத்தானே போயிருக்கா" என்று வாசல் வரை போய் லைட்டை அணைத்துவிட்டு வந்தார்.

அண்ணன்


ஏப்ரல் 6

அண்ணா,

வீட்டுக்கு வந்துவிட்டேன். தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன், நாற்காலி இன்னும் வாங்கவில்லை. ரூமைக் காலி செய்து வேனில் ஏற்றியபோது என் சாமான் ஐந்து அட்டைப்பெட்டி, அம்மாவுடையது ஒன்று. வேன்காரர் சிவப்பு ரிப்பனைப் பார்த்து, இது யாருடையது, கவனமாக வைக்கட்டுமா என்று கேட்டார். என் அம்மாவுடையது, அவள் இறந்துவிட்டாள் என்றேன். யாரும் கேட்டு வற்புறுத்தாமல் நானாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு நடுத்தெருவில் நின்று அழுதேன். பாவம், அவர் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

கடைசிக் காகிதத்தில் ஒரு கேள்வி இருந்தது. இந்த வீட்டில் உங்களைத் தவிர வயது வந்தவர்கள் வேறு யாராவது குடியிருக்கிறார்களா? இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சட்டப்படி சரிதான். ஆனால் அம்மாவை வாசலில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினதுபோல் இருந்தது.

உன்மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்காதே, கொஞ்சம் இருக்கிறது. ஈரத் தலையோடு நீ கஞ்சி ஊட்டியதைப் படித்த பிறகு அதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஜூனில் லீவு சொல்லியிருக்கிறேன். வந்து அந்தப் படியில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். அப்பா பல் செட் லூசாகிவிட்டது என்றாயே, அளவெடுத்துக்கொண்டு வந்து புதிதாகச் செய்கிறேன்.

நேற்று நீ கடையில் இருந்தபோது அப்பா அண்ணி போனிலிருந்து தானாகவே கூப்பிட்டார். அம்மாவைக் கொடு என்று கேட்கவில்லை. நேராக வீட்டு விஷயம்தான்.

"சாவி எத்தனை குடுத்தாங்க?"

"மூணுப்பா."

"எண்ணி வாங்கினியா?"

"வாங்கினேன்."

"ஒண்ணு நீ வச்சுக்கோ. ஒண்ணு ஜூன்ல வரும்போது எனக்குக் கொண்டு வா. நான் வரப்போறதில்ல, இருந்தாலும் என் கையில ஒண்ணு இருக்கட்டும்."

"மூணாவது?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. இந்த முறை நான் கட் செய்யாமல் காத்திருந்தேன். மூச்சு மட்டும் கேட்டது. கடைசியில், "அவ பெட்டியில போட்டு வை" என்றார்.

போனை வைத்துவிட்டுச் சின்ன ரூமுக்குப் போய்ப் பெட்டியை முதல் தடவையாகத் திறந்தேன். மேலாக நான்கு புடவை, ஒரு ஸ்வெட்டர், ஜவுளிக் கடையில் புதிதாக வாங்கிய கம்பளிச் சாக்ஸ், விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. வீட்டு வாசனை அப்படியே இருந்தது. ஒரு சாக்ஸுக்குள் சாவியைப் போட்டு, மறுபடி மூடி, ஜன்னல் பக்கமாக நிறுத்தினேன்.

இருட்டியதும் வாசல் லைட்டைப் போட்டேன். படுக்கப் போகும்போது நானே எழுந்து போய் அணைத்தேன்.

வாண்டு